கரையிறங்கிய மூன்றாம் நாள்

வேதியியல் வகுப்பில்
பெஞ்சு மெல்ல இடப்பக்கம் சாய்ந்து
நிமிர்கிறது,
எனக்கு மட்டும்.
நாற்பது பேரும் நேராக உட்கார்ந்து
சமன்பாடு எழுதுகிறார்கள்.
என் எழுத்து
கோட்டை விட்டு இறங்கிப் போகிறது.

"கப்பல் எப்படிடி இருந்துச்சு?"
அஃப்ரின் கேட்கிறாள்.
செமயா இருந்துச்சு என்கிறேன்.
ஒன்பதாவது மாடியில் நீச்சல்குளம்,
ராத்திரி பன்னிரண்டுக்கும் பீட்சா,
கேட்கக் கேட்க ஐஸ்கிரீம்.
போட்டோ காட்டுகிறேன்.
போட்டோவில் எதுவும் ஆடவில்லை.

அவளிடம் சொல்லவில்லை:
போன கோடையில் அப்பா
நானூற்றுப் பன்னிரண்டு பேட்டரி விற்றார்.
காரைக்குடியில் கரண்ட் போகப் போக
எங்களுக்குத் தீவு பக்கத்தில் வந்தது.

கொச்சியில் ஏறும்போது
கம்பெனிக்காரர்கள் கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள்.
அடைக்கலம் பவர் சொல்யூஷன்ஸ்,
செக்காலை ரோடு.
கீழே, என் பெயர் வரவேண்டிய இடத்தில்,
மகள்.
ஐந்து நாளும் மகளாகவே சாப்பிட்டேன்.
மகளாகவே வாந்தி எடுத்தேன்.

எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை.
சுவரில் சும்மா ஒரு திரைச்சீலை.
தம்பி ரித்திக் அதை
விலக்கி விலக்கிப் பார்த்தான்.
ஒவ்வொரு தடவையும் சுவர்,
ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஆச்சரியம்.

தீவு நான்கு மணி நேரம்.
நான்கு மணி நேரமும் மழை.
விளம்பரத்தில் நீலமாக இருந்த தண்ணீர்
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் கிடந்தது.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
கணுக்கால் நனைய நின்ற அம்மா
வானத்தைப் பார்த்து
"இத நம்மூர்ல பெய்யக் கூடாதா" என்றாள்,
கறிகாய்க்காரரிடம் பேசும் அதே குரலில்.

அப்பா கப்பல் ஊழியர் ஒருவரைப் பிடித்துக் கேட்டார்:
"கரண்ட் போனா பேக்கப் எத்தனை மணி நேரம்?"
அவர் சிரித்தார்.
போகவே போகாது சார்.
அன்று சாயங்காலம் முழுக்க
அப்பா யாரோடும் பேசவில்லை.

கடைசி ராத்திரி மேல்தளத்தில்
நாமக்கல் டீலர் பையன் பக்கத்தில் வந்து நின்றான்.
"பறக்குற மீன், அங்க பாரு."
நான் பார்ப்பதற்குள் முழுகிவிட்டது.
"இன்னொண்ணு வரும்."
வரவில்லை.
ரொம்ப நேரம் நின்றோம்.
அவன் அட்டையில் மகன் என்றிருந்தது.
அவனும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
இப்போது அவனை நினைக்கும்போது
மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது,
கேவலமாக இருக்கிறது.

ராத்திரி பத்தே முக்காலுக்கு
முத்துப்பட்டணம் முழுக்கக் கரண்ட் போனது.
எங்கள் வீட்டு இன்வெர்ட்டர்
யாரோ கஸ்டமர் திருப்பிக் கொடுத்தது.
பன்னிரண்டு நிமிஷம் எரிந்துவிட்டுக்
கீ என்று கத்தி அணைந்தது.
உடனே வீடு மிதக்கத் தொடங்கியது.

தண்ணீர் குடிக்கச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.
அடுப்படி இருட்டில்
ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி
ஓர் ஆள்.

"உனக்கும் ஆடுதா?"
"உங்களுக்குமாப்பா?"
"மூணு நாளா.
கஸ்டமர் முன்னாடி
கல்லாவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன்.
அம்மாட்ட சொல்லாத."

சிரிப்பை அடக்கினேன், முடியவில்லை.
அவராலும் முடியவில்லை.
உள்ளிருந்து அம்மா
"அங்க என்ன, ரெண்டு பேரும்?" என்றாள்.

போன் அடித்தது.
கழனிவாசலில் எவருக்கோ பேட்டரி எடுக்கவில்லையாம்,
கைக்குழந்தை அழுகிறதாம்.
அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு
வண்டியைத் தள்ளினார்.

வாசலில் நின்று பார்த்தேன்.
தெரு முழுக்க இருட்டு.
ஒரே ஒரு விளக்கு
ஏறி இறங்கி, ஏறி இறங்கிப்
போய்க்கொண்டிருந்தது.
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளமாக இருக்கும்.
கதவைப் பிடித்துக்கொண்டேன்.